ராயபுரத்தில் நாய், பூனைக்கு எந்த டாக்டர்?

ராயபுரத்தில் நாய் வளர்க்கிற இரண்டு பேர் சந்தித்துக்கொண்டால் பேச்சு சீக்கிரமே "நீங்க எந்த டாக்டர்கிட்ட காட்றீங்க?" என்பதில் வந்து நிற்கும். கல்மண்டபம் பக்கம் ஒருவரைச் சொல்வார்கள், பழைய வண்ணாரப்பேட்டையில் ஒருவரை, தண்டையார்பேட்டையில் இன்னொருவரை. ஒருவருக்குக் கைராசிக்காரராகத் தெரிகிறவர் இன்னொருவருக்கு "சும்மா ஊசி போட்டுக் காசு வாங்கறவர்". இரண்டு பேர் சொல்வதும் பொய்யாக இருக்காது. ஒருவர் தடுப்பூசிக்குப் போயிருப்பார். மற்றவர் நாலு நாளாகச் சாப்பிடாத நாயைத் தூக்கிக்கொண்டு போயிருப்பார். முதல் வேலைக்குத் தெருமுனைக் கிளினிக் தாராளமாகப் போதும், இரண்டாவதற்குப் பெரும்பாலும் போதாது.

அதனால் எந்த டாக்டர் நல்லவர் என்று கேட்பதற்கு முன்னால், எந்த வேலைக்கு என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். நம் பகுதிக்காரர்களுக்கு எட்டும் தூரத்தில் மூன்று வகை இடங்கள் உண்டு: நடந்து போகிற தூரத்துத் தனியார் கிளினிக், வேப்பேரி ஆஸ்பத்திரி, மாநகராட்சியின் செல்லப்பிராணி மையம். ஒன்றை வைத்து மற்றொன்றை எடை போட முடியாது.

வேப்பேரியிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் அது பக்கத்தில் இருப்பது நம் அதிர்ஷ்டம். இன்றும் பெரியவர்கள் மாட்டாஸ்பத்திரி என்று சொல்லும் அந்தச் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி 1903 அக்டோபர் 1 அன்று 20 மாணவர்களோடு ஆரம்பித்தது. 1936-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. இந்தியாவில் ஒரு பல்கலைக்கழகத்தோடு இணைந்த முதல் கால்நடைக் கல்லூரி அதுதான். 1989 முதல் மாதவரம் பால்பண்ணையைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கிறது. ராயபுரத்திலிருந்து சுமார் ஐந்து கிலோமீட்டர். தென்சென்னைக்காரர்கள் ஊரைக் கடந்து வருகிற இடத்துக்கு நாம் மிண்ட் வழியாக ஆட்டோவில் போய்விடலாம், வழியில் கண்டெய்னர் லாரி மறிக்காதவரை.

அங்கே என்ன இருக்கிறது? பொது மருத்துவம், அறுவை, மகப்பேறு எனப் பிரிவுகள் தனித்தனியாக உள்ளன. எக்ஸ்ரே, ஸ்கேன், ரத்தப் பரிசோதனைக் கூடம் எல்லாம் ஒரே வளாகத்தில். சிறுநீரகம் பழுதான நாய்க்கு டயாலிசிஸும், ரத்தம் ஏற்ற வேண்டியதற்கு விலங்கு ரத்த வங்கியும்கூட உண்டு. தனியாரில் இவ்வளவும் ஒரே கூரையின் கீழ் கிடைப்பது அரிது, கிடைத்தாலும் பில் வேறு மாதிரி இருக்கும்.

பதிலுக்கு நீங்கள் கொடுக்க வேண்டியது நேரம். சீட்டு எடுக்க ஒரு வரிசை, டாக்டரைப் பார்க்க ஒரு வரிசை, ரத்தம் கொடுக்க இன்னொன்று. இது படிப்பு நடக்கிற ஆஸ்பத்திரி, ஆகவே முதலில் பயிற்சி மாணவர் கேள்வி கேட்பார், பிறகு பேராசிரியர் அதே கேள்வியைக் கேட்பார். சிலருக்கு இது எரிச்சல். எனக்கு இது லாபமாகவே படுகிறது: ஒருவர் கண்ணுக்குத் தப்பியது இன்னொருவர் கண்ணில் படும். அடுத்த முறை போனால் வேறு டாக்டர் இருக்கலாம் என்பதுதான் உண்மையான குறை. அதற்காக எல்லாச் சீட்டையும் ஒரே ஃபைலில் தேதிவாரியாகப் போட்டு வையுங்கள். வலிப்பு வந்தால், நொண்டினால், விநோதமாக இருமினால் போனில் வீடியோ எடுத்துவிடுங்கள். ஆஸ்பத்திரி மேசையில் ஏறிய நாய் அந்த நேரம் பார்த்து நல்ல பிள்ளையாக நிற்கும்.

இனி தெருமுனைக் கிளினிக். இங்கேதான் ஒப்பிட நிறைய இருக்கிறது.

போர்டில் பி.வி.எஸ்சி. பட்டமும் தமிழ்நாடு மாநிலக் கால்நடை மருத்துவ மன்றத்தின் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஐந்தரை வருடப் படிப்பு அது. 1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டப்படி பதிவு பெற்றவர்தான் வைத்தியம் பார்க்கலாம். பட்டம் டாக்டருடையதாக இருந்து ஊசி போடுவது எப்போதும் உதவியாளராகவே இருந்தால் அது வேறு கதை.

அடுத்து, எடை. நாய்க்கும் பூனைக்கும் அநேகமாக எல்லா மருந்தும் கிலோ கணக்கில்தான். மூன்று கிலோ பொமரேனியனும் முப்பது கிலோ லேப்ரடாரும் வருகிற இடத்தில் தராசு இல்லாமல் கண்ணளவில் மருந்து ஏற்றுகிற கிளினிக்கை நான் ஒதுக்கிவிடுவேன். குட்டிக்கும் பூனைக்கும் அரை கிலோ வித்தியாசமே பெரிது.

மூன்றாவது, ஃபிரிட்ஜ். தடுப்பூசி மருந்தை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்திருக்க வேண்டும். கரண்ட் போனால் இன்வெர்ட்டர் இருக்கிறதா என்று சங்கடப்படாமல் கேட்கலாம். ஊசி போட்டதும் நல்ல டாக்டர் ஒரு காரியம் செய்வார்: மருந்துக் குப்பியின் மேல் இருக்கும் சின்ன லேபிளை உரித்து உங்கள் தடுப்பூசிப் புத்தகத்தில் ஒட்டி, மேலே கையெழுத்தும் தேதியும் போடுவார். மருந்தின் பெயர், பேட்ச் எண், காலாவதி மாதம் எல்லாம் அந்த விரல் அகலத் தாளில் இருக்கும். லேபிள் இல்லாமல் வெறுமனே "தடுப்பூசி போடப்பட்டது" என்று எழுதிய புத்தகத்துக்கு மதிப்புக் குறைவு. காசு மிச்சம் பிடிக்கலாம் என்று மருந்துக்கடையில் குப்பியை வாங்கி வெயிலில் நடந்து வந்து தெரிந்தவரைப் போடச் சொல்கிறவர்கள் உண்டு. அது பல சமயம் தண்ணீரைப் போட்டதற்குச் சமம்.

எந்த ஊசி என்பதும் முக்கியம். குட்டிக்கு ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, சில வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை பார்வோ, டிஸ்டெம்பர் ஊசிகள் தொடர வேண்டும். மூன்று மாதத்தில் ரேபிஸ். நம் பகுதிக்கு நான் கூடுதலாக வலியுறுத்துவது லெப்டோ. இது எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் பரவும் எலிக்காய்ச்சல். கிடங்குகளும் மீன் மார்க்கெட்டும் நிறைந்து, 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் பார்த்ததுபோல் மழைக்கு மழை தண்ணீர் நிற்கிற இடத்தில் நாய்க்கு அது வரும், நாயிடமிருந்து நமக்கும் வரலாம். "செவன் இன் ஒன்" என்று சொல்லிப் போடுகிற ஊசியில் லெப்டோ சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். சேர்ந்திருந்தாலும் அதன் பாதுகாப்பு நெடுநாள் நிற்காது, வருடா வருடம் போட வேண்டும்.

அக்கம்பக்கத்துப் பாராட்டு ஏமாற்றுவது தோல் விஷயத்தில். கடலோரப் புழுக்கத்தில் நாய்களுக்கு அரிப்பு சகஜம். ஒரே ஊசியில் சொறிவது நின்றது என்றால் தெருவே அந்த டாக்டரைக் கொண்டாடும். பெரும்பாலும் அது ஸ்டீராய்டாக இருக்கும். ஸ்டீராய்டு தேவைப்படும் நேரங்கள் உண்டு, ஆனால் அது அரிப்பை நிறுத்துமே தவிர உண்ணியையோ சொறிப்பூச்சியையோ பூஞ்சையையோ போக்காது. மாதாமாதம் அதே ஊசி என்றால் யோசிக்க வேண்டும். தோலை லேசாகச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்க்கிற டாக்டர் முதல் நாளில் அவ்வளவு பிரமாதமாகத் தெரியமாட்டார்.

உண்ணிக் காய்ச்சலிலும் இதே கதை. நாய் சோர்ந்து, சாப்பிடாமல், ஈறு வெளுத்து, சில சமயம் மூக்கில் ரத்தம் கசிய வரும். ரத்தம் எடுத்து பிளேட்லெட் எண்ணிக்கை பார்ப்பவர் ஒருவர், பார்த்தவுடன் ஊசி போடுபவர் ஒருவர். எர்லிக்கியா வகைக்கு டாக்சிசைக்ளின் மாத்திரையை வழக்கமாக மூன்று நான்கு வாரம் கொடுக்கச் சொல்வார்கள். ஐந்து நாள் ஊசியில் நாய் எழுந்து ஓடிவிட்டது என்று பாதியில் விட்டால் காய்ச்சல் திரும்பி வர இடம் கொடுக்கிறோம்.

காத்திருக்கும் இடத்தையும் பாருங்கள். பார்வோ வந்த குட்டி வாந்தியும் ரத்தபேதியுமாக வரும். அந்தக் கிருமி தரையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஃபினாயில் போட்டுத் துடைத்தால் சாகாது, பிளீச் வேண்டும். வாந்தி பேதி என்று சொன்னதும் உங்களை வெளியிலேயே நிற்கச் சொல்லித் தனியாகப் பார்க்கிற கிளினிக் மரியாதை தெரியாத கிளினிக் அல்ல, வேலை தெரிந்த கிளினிக். தடுப்பூசி முடியாத குட்டியை எந்த ஆஸ்பத்திரித் தரையிலும் இறக்கிவிடாதீர்கள், மடியிலேயே இருக்கட்டும்.

இவ்வளவுக்கும் மேலே நான் பார்ப்பது ஒன்றுதான்: "என்னிடம் இதற்கு வசதி இல்லை, வேப்பேரிக்குக் கொண்டு போங்க" என்று அந்த டாக்டர் எத்தனை சீக்கிரம் சொல்கிறார்? முதல் நாளே சொல்லி, என்ன மருந்து போட்டார் என்பதை ஒரு தாளில் எழுதியும் கொடுப்பவர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். நாலு நாள் டிரிப் ஏற்றிவிட்டு, ஐந்தாம் நாள் "இனிமே கஷ்டம், வேப்பேரி போய்ப் பாருங்க" என்பவரிடம் அடுத்த முறை தடுப்பூசிக்குக்கூடப் போகத் தோன்றாது.

பூனைக்காரர்கள் இன்னும் கவனமாகத் தேட வேண்டும். நாய்க்கு நல்ல டாக்டர் பூனைக்கும் நல்லவராக இருப்பார் என்று சொல்ல முடியாது. பூனையைக் கழுத்துத் தோலைப் பிடித்துத் தூக்கி, நாலு பேர் அமுக்கி ஊசி போடுகிற இடம் ஒன்று. கூடையின் மேல் மூடியை மட்டும் திறந்து, துண்டைப் போர்த்தி, அது உள்ளேயே உட்கார்ந்திருக்கப் பரிசோதிக்கிற இடம் இன்னொன்று. இரண்டாவதைத் தேடிப் போங்கள். கோணிப்பையில் கட்டிக் கொண்டு போகாதீர்கள், மூடியுள்ள பிளாஸ்டிக் கூடை போதும்.

காசிமேட்டை ஒட்டிய தெருக்களில் பூனைக்கும் நாய்க்கும் வருகிற ஒரு விபத்து தூண்டில் முள். மீனோடு சேர்த்து விழுங்கிவிடும், வாயோரம் தூண்டில் நரம்பு மட்டும் தொங்கும். இழுக்கவே கூடாது, இழுத்தால் முள் தொண்டையிலோ உணவுக்குழாயிலோ ஆழமாக ஏறிவிடும். நரம்பை ஒட்ட நறுக்கவும் வேண்டாம், முள் எங்கே இருக்கிறது என்று தேட டாக்டருக்கு அதுதான் வழிகாட்டி. எக்ஸ்ரே இல்லாத கிளினிக்குக்குப் போய் நேரத்தைக் கழிக்காமல் நேரே வேப்பேரிக்குப் போக வேண்டிய கேஸ் இது. மீன் மலிவாகக் கிடைப்பதால் வரும் இன்னொன்று: மாதக்கணக்கில் பச்சை நெத்திலி மட்டுமே தின்கிற பூனைக்கு தயமின் என்ற வைட்டமின் குறைந்து, தலை முன்பக்கம் தொங்கி, நடை தள்ளாடி, வலிப்புகூட வரும். அந்த வைட்டமினைச் சிதைக்கிற பொருள் பச்சை மீனிலேயே இருக்கிறது. வேக வைத்தால் அழிந்துவிடும். "என்ன சாப்பாடு போடறீங்க?" என்று கேட்காமல் வலிப்புக்கு மருந்து எழுதுகிறவர் இதைத் தவறவிடுவார்.

ஆண் பூனை மணலில் போய்ப் போய் உட்கார்ந்து ஒரு சொட்டும் வராமல் கத்தினால் அது மலச்சிக்கல் என்று நினைத்துவிடாதீர்கள். மூத்திரம் அடைத்திருக்கும், ஒன்றிரண்டு நாளில் உயிர் போகும். அன்றைக்கே குழாய் போடத் தெரிந்தவர் வேண்டும். காய்ச்சலுக்கு வீட்டில் இருக்கும் பாரசிட்டமாலைக் கொடுப்பதும், நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தைத் தடவுவதும் பூனையைக் கொன்றுவிடக்கூடும். அந்த உண்ணி மருந்து பலவற்றில் இருக்கும் பெர்மெத்ரின் பூனைக்கு விஷம்.

கருத்தடை போன்ற ஆபரேஷன் என்றால் தொகையைக் கேட்பதற்கு முன்னால் மயக்க மருந்தைப் பற்றிக் கேளுங்கள்: முன்கூட்டி ரத்தம் பார்ப்பீர்களா, நரம்பில் ஊசிக்குழாய் போட்டு வைப்பீர்களா, விழிக்கும்வரை பக்கத்தில் யார் இருப்பார்? பக், ஷிட்சூ, பெர்ஷியன் மாதிரிச் சப்பை மூக்கு ஜாதிகளுக்கு இந்தக் கேள்விகள் இரட்டிப்பு அவசியம்.

பணம். கன்சல்டிங் ஃபீஸை மட்டும் வைத்து ஒப்பிட்டால் கணக்குத் தப்பும். ஃபீஸ் குறைவாக இருந்து ஊசி, டிரிப், டானிக், பவுடர் என்று சேரும் இடம் உண்டு. கூடுதல் ஃபீஸ் வாங்கி இரண்டே மாத்திரை எழுதுகிற இடமும் உண்டு. மொத்தம் எத்தனை நாள், எவ்வளவு ஆகும் என்று முதலிலேயே கேட்டால் நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். மருந்துச் சீட்டைக் கையில் தராமல் உள்ளேயே எல்லாம் கொடுத்து முடித்தால், பெயர்களை எழுதித் தரச் சொல்லி வாங்குங்கள்.

மாநகராட்சி மையம் வைத்தியத்துக்கு என்பதைவிட ரேபிஸ் ஊசி, மைக்ரோசிப், உரிமம் ஆகியவற்றுக்கு உதவும். நமக்குப் பக்கம் புளியந்தோப்பும் திரு.வி.க. நகரும். 2025-இல் உரிமக் கட்டணம் 50 ரூபாய்தான். உரிமம் இல்லாதவர்களுக்கு 5,000 ரூபாய் அபராதம் என்று அந்த ஆண்டு அறிவித்தார்கள். லேபிள் ஒட்டிய தடுப்பூசிப் புத்தகத்துக்கு இங்கேயும் வேலை இருக்கிறது.

உங்கள் நாயே உங்களைக் கடித்தாலும் கீறினாலும் கால்நடை டாக்டரிடம் அல்ல, ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். போவதற்கு முன் குழாயடியில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவுங்கள். ஊசியை முதல் நாள், 3, 7, 28-ஆம் நாட்கள் என்று சொன்ன கணக்கில் முடிக்க வேண்டும்.

கடைசியாக இரவு. தெருமுனைக் கிளினிக்குகள் ஒன்பது பத்து மணிக்குமேல் ஷட்டரை இறக்கிவிடும். டாக்டர் போன் எடுப்பாரா, எடுக்காவிட்டால் யாரைக் கூப்பிடச் சொல்கிறார் என்று தடுப்பூசிக்குப் போகிற நாளிலேயே கேட்டு வையுங்கள். வேப்பேரியில் இரவில் எந்த வாசல் வழியாக விடுகிறார்கள் என்பதைப் பகலில் போகும்போது விசாரித்துக்கொள்ளுங்கள். நாயை ஏற்றிக்கொள்ளச் சம்மதிக்கும் ஆட்டோக்காரர் ஒருவரின் நம்பரும் போனில் இருக்கட்டும். நடு ராத்திரியில் முப்பது கிலோ லேப்ரடாரோடு கல்மண்டபத்தில் நின்றுகொண்டு ஆட்டோ பேரம் பேச முடியாது.