வரைபடப் போக்கை வாசித்தல்: தருமபுரியின் குழந்தைப் பாலின விகிதம்
குழந்தைப் பாலின விகிதம் என்பது ஆறு வயது வரையுள்ள 1000 ஆண் குழந்தைகளுக்கு எத்தனை பெண் குழந்தைகள் உள்ளனர் என்பதாகும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தருமபுரி மாவட்டத்தில் இது 2001 இல் 826, 2011 இல் 913.

வரைபடத்தின் செங்குத்து அச்சு 800 இல் தொடங்கினால் கோட்டின் உயரம் நான்கு மடங்குக்கு மேல் கூடியதாகத் தோன்றும். சுழியில் தொடங்கினால் சிறிதளவே ஏறும். எண்கள் மாறவில்லை, பார்ப்பவரின் முடிவு மாறிவிடுகிறது.

ஏறும் கோட்டை மட்டும் பார்ப்பவர், கருவின் பாலினம் அறியும் குற்றத்தின் மீதான கண்காணிப்பைத் தளர்த்தலாம் என எண்ணக்கூடும். இயற்கை நிலையான ஏறத்தாழ 950 ஐக் கிடைக்கோடாக வரைந்தால், 2011 இலும் ஆயிரத்துக்குச் சுமார் 37 பெண் குழந்தைகள் குறைந்திருந்தது தெரியும். ஆகவே, கோட்டின் திசையோடு அது எட்டவேண்டிய அளவையும் பார்த்தே முடிவெடுக்க வேண்டும்.