நிறத்தை நம்பாமல் கல்லை அறிவது

வெங்கச்சங்கல்லும் கால்சைட்டும் பக்கம் பக்கமாகக் கிடந்தால், பார்வைக்கு இரண்டும் வெள்ளைதான். ஒரு கண்ணாடித் துண்டில் கீறிப் பாருங்கள். வெங்கச்சங்கல், அதாவது குவார்ட்ஸ், கோடு போட்டுவிடும். கால்சைட்டால் முடியாது, பேனாக்கத்தியே அதைக் கீறிவிடும். கீறியதும் அந்த இடத்தை விரலால் துடைத்துவிட்டுப் பார்ப்பது முக்கியம். கல் உதிர்த்த பொடியும் கோடு போலவே தெரியும். ஃபிரெடரிக் மோஸ் 1812-இல் வகுத்த கடினத்தன்மை அளவுகோலில் கால்சைட்டுக்கு 3, குவார்ட்ஸுக்கு 7. கண்ணாடி ஏறக்குறைய 5.5.

நிறம் அவ்வளவு நம்பகமானதல்ல. ஊதா நிறச் செவ்வந்திக்கல்லும் குவார்ட்ஸ்தான். அதில் கலந்த துளி இரும்பும், பாறைக்குள் அதன்மேல் பட்ட கதிர்வீச்சும் தந்த நிறம் அது. பொடியின் நிறம் அதைவிட உண்மை சொல்லும். கறுப்பாக மின்னும் ஹேமடைட்டை மெருகில்லாத பீங்கானில் தேய்த்தால் செம்பழுப்புக் கோடு விழும்.

உடையும் விதத்தையும் கவனிக்க வேண்டும். கால்சைட் எத்தனை முறை உடைந்தாலும் சாய்ந்த கட்டங்களாகவே பிளக்கும். காக்காப்பொன் ஏடு ஏடாக உரியும். அணுக்களின் பிணைப்பு எந்தத் திசையில் தளர்வோ, அங்கே பிளவு. குவார்ட்ஸில் எல்லாப் பக்கமும் பிணைப்பு இறுக்கம். அதனால் வளைந்த, கூரான சில்லுகளாகத்தான் உடையும்.

அதே அணுக்கள் ஒழுங்காக அடுக்கிக்கொள்வதுதான் படிகம். அதற்கு நேரமும் வேண்டும், இடமும் வேண்டும். வெளியே கொட்டிய எரிமலைக் குழம்பு சட்டென ஆறுவதால் பசால்ட்டின் பெரும்பாலான மணிகள் கண்ணுக்கே தெரியாது. ஆழத்தில் மெல்ல ஆறிய கிரானைட்டில் மணிகள் தெளிவாகத் தெரியும். ஆனாலும் அதிலுள்ள குவார்ட்ஸுக்குத் தனி வடிவம் இராது; கடைசியாக உறைவதால் மற்றவை விட்ட இடுக்கை அடைத்துக்கொள்கிறது. பொந்து கிடைத்த பாறையில்தான் அதே குவார்ட்ஸ் ஆறு முகங்களோடு நீண்டு வளரும்.

நேரமும் இடமும் சேர்ந்து அமைந்ததை மெக்சிகோவின் நைக்கா சுரங்கத்தில் 2000-இல் கண்டார்கள். ஏறக்குறைய 58 டிகிரி வெந்நீர் நிரம்பிய குகையில், பல்லாயிரம் ஆண்டுகளாக வெப்பம் பெரிதாக மாறாமல் இருந்து, ஜிப்சப் படிகங்கள் 11 மீட்டர் வரை நீண்டிருக்கின்றன. சுரங்க வேலைக்காக நீரை இறைத்த பிறகே ஆள் உள்ளே போக முடிந்தது. அவ்வளவு பெரிய படிகத்தையும் விரல் நகத்தால் கீறலாம். ஜிப்சத்தின் கடினம் 2 மட்டுமே.