கடலைப் பார்த்து நிற்கும் மனோரா!

காரைக்குடியில் ரயில் ஏறினால் பட்டுக்கோட்டையில் இறங்கலாம். அங்கிருந்து கடற்கரைப் பக்கம் சுமார் 20 கிலோ மீட்டர் போனால் சரபேந்திரராஜன்பட்டினம். அங்கே கடலைப் பார்த்து ஒரு கோபுரம் ஓங்கி நிற்கிறது. அதுதான் மனோரா!

ஆறு பட்டை, எட்டு அடுக்கு, சுமார் 75 அடி உயரம். சுற்றிலும் மதிலும் அகழியும் உண்டு.

மன்னர் கட்டினார்

ஐரோப்பாவையே ஆட்டி வைத்த நெப்போலியன், 1814-ம் ஆண்டில் முடி இழந்தான். ஆங்கிலேயர் வெற்றி பெற்றனர். அவர்களுடைய நண்பரான தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி, அந்த வெற்றியின் நினைவாக இதைக் கட்டினார். "மினார்" என்ற சொல்லே "மனோரா" ஆயிற்று. மன்னர் குடும்பம் இங்கு வந்து தங்குவது உண்டு. கப்பல்களுக்கு வழி காட்டும் கலங்கரை விளக்கமாகவும் இது பயன்பட்டது.

உப்புக் காற்று

கடலோரக் கட்டிடத்துக்குக் கடல் காற்றே பகை! காற்றில் வரும் உப்பு, ஈரத்தோடு சேர்ந்து சுவருக்குள் இறங்கும். ஈரம் காய்ந்ததும் உப்பு கட்டியாகும். அது செங்கல்லைப் பொடிப் பொடியாக உதிர்த்து விடும்.

பழைய சுண்ணாம்புச் சுவரில் ஈரம் எளிதில் வெளியேறும். அதன்மேல் சிமெண்டு பூசினால் என்ன ஆகும்? ஈரம் உள்ளேயே தங்கும். வெளியே பார்க்கப் புதுச் சுவர்; உள்ளே அரிப்பு! ஆகவே, சுண்ணாம்புக் கட்டிடத்துக்குச் சுண்ணாம்பே மருந்து.

செட்டிநாட்டுக் கைவேலை

இந்த மருந்து செட்டிநாட்டுக்குப் புதிதல்ல. சுண்ணாம்பையும் மணலையும் அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைச் சேர்ப்பார்கள். கடைசிப் பூச்சில் முட்டையின் வெள்ளைக் கருவும் சேரும். காரைக்குடிப் பக்கத்துப் பெரிய வீடுகளின் சுவர்கள் இன்றும் பளபளப்பது இதனால்தான். ஆனால் இந்த வேலை தெரிந்த கொத்தனார்கள் குறைந்து வருகிறார்கள். பழைய கட்டிடங்கள் பிழைக்க வேண்டுமானால், இந்தக் கைவேலையும் பிழைக்க வேண்டும்.

கோடிக்கரையில் நடந்தது

கல்கியின் "பொன்னியின் செல்வன்" படித்தவர்களுக்குக் கோடிக்கரைக் கலங்கரை விளக்கம் நினைவிருக்கும். சோழர் காலத்தது என்று சொல்லப்பட்ட ஒரு பழைய விளக்குக் கோபுரம் அங்கே இடிந்து கிடந்தது. 2004 டிசம்பர் 26-ந் தேதி வந்த சுனாமி, மிச்சம் இருந்ததையும் அழித்து விட்டது.

போனது போனதுதான். மனோரா இன்னும் நிற்கிறது. அங்கே போகிறவர்கள் சுவரில் பெயர் கிறுக்காமல் இருந்தால், அதுவும் ஒரு திருப்பணியே!