சிறிய மோட்டாரும் வீதியின் அகலமும்

கந்தூரிக் காலத்தில் நாகூர் வந்தோர் ஒரு காட்சியைக் கண்டிருத்தல் கூடும். தர்காவை அடுத்த குறுகிய வீதியொன்றில் இரண்டு மோட்டார்கள் எதிர்ப்படுகின்றன. இரண்டும் 'சிறிய கார்' என்னும் வகையினவே. ஆயினும், நடந்து செல்வோர் அருகிலுள்ள திண்ணைமேல் ஏறி நின்றாலன்றி அவை ஒன்றையொன்று கடத்தல் இயலுவதில்லை. வீதி பழைய வீதியே. வீடுகளும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. அங்ஙனமாயின், மாறியது யாது? இதனை ஒருசிறிது ஆராய்வாம்.

நம் தமிழ்நாட்டிலேயே செய்யப்பெற்ற வண்டியொன்றைச் சான்றாகக் கொள்வோம். ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையிலுள்ள ஹூண்டாய்த் தொழிற்சாலையிலிருந்து 1998-ஆம் ஆண்டில் சான்ட்ரோ வெளிவந்தது. அதன் நீளம் 3,495 மில்லிமீட்டர், அகலம் 1,495. 2003-இல் வந்த சான்ட்ரோ ஜிங் 3,565 நீளமும் 1,525 அகலமும் உடையதாயிற்று. 2014-இல் அது நிறுத்தப்பட்டது. பின்னர் 2018-இல் அதே பெயர் பூண்டு வந்த புதிய வண்டியின் நீளம் 3,610, அகலம் 1,645. அதுவும் 2022-இல் நின்றுபோயிற்று.

இவ்வெண்களை ஒப்புநோக்கின் ஓர் உண்மை புலனாகும். இருபது ஆண்டுகளில் நீளம் 115 மில்லிமீட்டரே மிகுந்தது. முன்சக்கரத்திற்கும் பின்சக்கரத்திற்கும் இடைப்பட்ட தொலைவு 2,380-லிருந்து 2,400 ஆயிற்று, அவ்வளவே. உயரமோ 1,590-லிருந்து 1,560 ஆகக் குறைந்தது. அகலம் மட்டும் 150 மில்லிமீட்டர், அதாவது ஏறக்குறைய அரையடி, பெருகிவிட்டது.

இதற்குக் காரணங்கள் உள. பின்னிருக்கையில் மூவர் தோளோடு தோள் இடியாமல் அமர்வதற்கு இடம் வேண்டும். அன்றியும், 2017 அக்டோபர் முதல் புதிதாக வெளிவரும் மோட்டார்கள் முன்புற மோதலையும் பக்க மோதலையும் தாங்கவல்லனவாதல் வேண்டுமென விதி வகுக்கப்பட்டது. முன்புறத்தே எஞ்சின் அறை நசுங்கி அதிர்ச்சியை ஏற்கும்; பக்கத்திலோ மனிதனுக்கும் மோதும் பொருளுக்கும் இடையே நிற்பது கதவு ஒன்றே. அக்கதவு வலிய சட்டத்தைத் தன்னுட் கொண்டு தடித்திருத்தல் இன்றியமையாதது. எனவே, இவ்வகலத்தை வெறும் ஆடம்பரமென்று இகழ்தல் நேர்மையன்று.

நீளம் ஏன் அவ்வாறு பெருகவில்லை? வரிவிதி அதற்கு வேலியாய் நின்றது. நான்கு மீட்டருக்கு மேற்படாத நீளமும் சிறிய எஞ்சினும் உடைய கார்களுக்கு 2006-இல் மத்திய அரசு உற்பத்தி வரியை 24 விழுக்காட்டிலிருந்து 16 ஆகக் குறைத்தது. அதன் ஆற்றலை மாருதி டிசையரிற் காணலாம். 2008-இல் 4,160 மில்லிமீட்டர் நீண்டிருந்த அவ்வண்டி, 2012-இல் வால் குறுகி 3,995 ஆயிற்று. 2025 செப்டம்பரில் சிறிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 விழுக்காடாகக் குறைக்கப்பட்டபோதும் அதே நான்கு மீட்டரே அளவாயிற்று. நீளத்தை அளக்கும் அவ்வளவுகோல் அகலத்தை அளப்பதில்லை.

இனி நம் வீதிக்கு மீள்வோம். பன்னிரண்டடி, அதாவது 3,658 மில்லிமீட்டர், அகலமுள்ள தெரு ஒன்றைக் கருதுக. பழைய சான்ட்ரோ இரண்டு அதில் எதிர்ப்படின், பக்கக் கண்ணாடிகளை நீக்கிக் கணக்கிட, 668 மில்லிமீட்டர் எஞ்சும். இரண்டடிக்கு மேற்பட்ட அவ்விடத்தில் ஒருவர் நடந்து செல்லலாம். புதிய சான்ட்ரோ இரண்டு வரின் எஞ்சுவது 368 மட்டுமே. அதில் ஒருவர் ஒருக்களித்து நிற்றலும் அரிது.

உள்ளே இருப்பவருக்குக் காவலாய் அமைந்த அரையடியே வெளியே நடப்பவரின் வழியைக் கவர்ந்துகொண்டது. நீளத்திற்கு வேலியிட்ட விதி அகலத்தையும் ஒருமுறை எண்ணிப் பார்த்தல் தகும். நடந்து செல்லும் முதியவரெல்லாம் விரைந்து திண்ணையேற வல்லவரல்லர்; எல்லா வீட்டுக்கும் இன்று திண்ணையும் இல்லை.