பீப்! கேமரன் மலைக்கு ஏறிவரும் பார்சல்

தமிழ்நாட்டிலிருந்து கேமரன் மலைத் தோட்டத்துக்குத் தீபாவளிச் சேலை வருகிறதா? அந்தப் பார்சல் எண்ணைக் கொஞ்சம் எடுங்களேன். அதற்குள் என்னென்ன ஒளிந்திருக்கிறது என்று பார்ப்போம்!

வெளிநாட்டு அஞ்சல் எண்ணில் மொத்தம் 13 இடங்கள். முதல் இரண்டும் எழுத்துகள். அவற்றில் முதலாவது 'ஆர்' என்றால் பதிவு அஞ்சல், 'சி' என்றால் பார்சல், 'இ' என்றால் விரைவு அஞ்சல். கடைசி இரண்டு எழுத்து புறப்பட்ட நாடு: இந்தியாவுக்கு 'ஐஎன்', மலேசியாவுக்கு 'எம்ஒய்'. நடுவில் ஒன்பது இலக்கம். அதில் கடைசி இலக்கம்தான் என் செல்லம்! மற்ற எட்டையும் வரிசையாக 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டுங்கள். 11-ஆல் வகுத்து, மீதியை 11-இலிருந்து கழியுங்கள் (10 வந்தால் 0, 11 வந்தால் 5 என்று கொள்ளுங்கள்). 12345678-க்குக் கூட்டுத்தொகை 204, மீதி 6, விடை 5. ஆக, ஒன்பதாவது இலக்கம் 5! யாராவது ஓர் இலக்கத்தை மாற்றித் தட்டினால் இந்தக் கணக்குப் பெரும்பாலும் அங்கேயே பிடித்துவிடும்.

இப்போது பெரிய ரகசியம். பார்சலை யாரும் வழியெல்லாம் பார்த்துக்கொண்டே வருவதில்லை. யாரோ ஒருவர் கருவியை நீட்டி 'பீப்' என்று பட்டைக்கோட்டைப் படிக்கும்போது மட்டும் பார்சலைத் தேடும் திரையில் ஒரு வரி பிறக்கிறது. இரண்டு பீப்புக்கு நடுவே முழு மௌனம். மிக நீண்ட மௌனம் கடல் தாண்டும்போதுதான். இந்தியாவின் வெளிநாட்டு அஞ்சல் அலுவலகத்தை விட்டுப் புறப்பட்டதற்கு 'இஎம்சி' என்று ஒரு குறி, மலேசியாவில் இறங்கியதற்கு 'இஎம்டி' என்று இன்னொன்று. இடையில் சேலை மூட்டைக்குள் இருக்கிறது, மூட்டை விமானத்தில் இடத்துக்குக் காத்திருக்கிறது. சுங்கத்துறை நிறுத்தினால் அதற்கும் தனிக் குறி உண்டு: 'இஎம்இ'.

இறங்கியாயிற்று, இனி மலை! அஞ்சல் குறியீட்டைப் பாருங்கள். தானா ராத்தா 39000, பிரிஞ்சாங் 39100, ரிங்லெட் 39200. இவை இருக்கும் பகாங் மாநிலத்தின் தலைநகர் குவாந்தானோ 25000! கேமரன் மலையின் எண் பேராக்கின் ஈப்போ 30000, தாப்பா 35000 ஆகியவற்றுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது. பெரும்பாலோர் மலையேறும் இரண்டு சாலைகளும் பேராக்கிலிருந்துதானே தொடங்குகின்றன: ஒன்று தாப்பா, மற்றொன்று சிம்பாங் பூலாய். மலையிலுள்ள போ தேயிலை நிறுவனம் தொடங்கியது 1929-இல், தாப்பா சாலை கட்டி முடிந்தது 1931-இல். இன்றும் அந்த வளைவுகளில் லாரிகள் ஏறுகின்றன. ஆண்டுக் கடைசி மழையில் மண் சரிந்தால் சாலை அடைபடும். பள்ளி விடுமுறையில் சுற்றுலா வாகனங்கள் பிரிஞ்சாங்கை நெருக்கித் தள்ளும். தீபாவளி நேரமோ மழையும் பார்சல் குவியலும் சேர்ந்தே வரும் நேரம்!

கடைசிக் கட்டம் எனக்கு மிகவும் பிடித்தது. நகரத்தில் வீட்டு எண், தெரு எண் இருக்கும். தோட்டத்திலோ தோட்டத்தின் பெயரும் டிவிஷனும்தான் முகவரி. சுங்கை பாலாஸ் போன்ற தோட்டங்களுக்குப் போகும் பாதை அவ்வளவு குறுகல், எதிரே ஒரு வண்டி வந்தால் ஒன்று ஒதுங்க வேண்டும். கொழுந்து எடுக்க ஆட்கள் தேயிலைக் காட்டுக்குப் போயிருப்பார்கள், வீடு பூட்டியிருக்கும். 'பெறுநர் இல்லை' என்ற வரி இப்படித்தான் பிறக்கிறது. சில நேரம் பள்ளத்தில் சிக்னல் இருக்காது. அப்போது பார்சல் கைக்கு வந்த பிறகுகூடத் திரை பழைய வரியையே காட்டும்!

உங்களால் செய்ய முடிந்தவை உண்டு. அனுப்புகிறவரிடம் தோட்டம், டிவிஷன், லயன் வீட்டு எண், சரியான குறியீடு, மலேசியக் கைப்பேசி எண் எல்லாவற்றையும் எழுதச் சொல்லுங்கள். பகலில் ஆள் இல்லாவிட்டால் தோட்ட அலுவலகக் கிராணியிடம் முன்கூட்டியே சொல்லி, அலுவலக முகவரியைக் கொடுங்கள். திரையின் கடைசி வரி இந்தியாவில் நின்றால் விசாரிக்க வேண்டியவர் அனுப்பியவர். மலேசியாவுக்குள் வந்துவிட்டால் இங்கேயுள்ள அஞ்சலகத்தில் நீங்களே கேட்கலாம். தீபாவளிச் சேலையை ஒரு மாதம் முன்பே போடச் சொல்லுங்கள். மலைக்கு அந்த அவகாசம் வேண்டும்!