இரத்தத்தில் ஓர் எண்: புற்றுநோய்ச் சோதனை ரிப்போர்ட்டை எப்படிப் புரிந்துகொள்வது?

வாப்பாவுக்கு வயது 67. லேபில் 'முழு உடல் பரிசோதனை' பேக்கேஜ் ஒன்று எடுக்கிறார். மறுநாள் வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் வருகிறது. அதில் ஒரு வரி மட்டும் தடித்த எழுத்தில் இருக்கிறது: பி.எஸ்.ஏ. 6.2. உம்மா அதை ரியாத்தில் இருக்கும் மகனுக்கு அனுப்புகிறார். மகன் கூகுளில் தேடிவிட்டு மச்சானிடம் சொல்கிறார். மாலைக்குள் குடும்பக் குழு முழுவதும் "வாப்பாவுக்கு கேன்சராம்" என்ற செய்தி.

இது கற்பனைக் குடும்பம்தான். ஆனால் தக்கலை, திருவிதாங்கோடு, குளச்சல் பகுதிகளில் இப்படி ஒரு மாலையைக் கடக்காத வீடுகள் குறைவு. அந்த எண் உண்மையில் என்ன சொல்கிறது?

குறியீட்டுப் புரதம் என்றால் என்ன?

நம் உடலின் செல்கள் பலவகைப் புரதங்களை உண்டாக்குகின்றன. சில புற்றுநோய்க் கட்டிகள் குறிப்பிட்ட ஒரு புரதத்தை அதிகமாக உண்டாக்கி இரத்தத்தில் கலக்கவிடும். அதையே 'கட்டிக் குறியீடு' (ட்யூமர் மார்க்கர்) என்கிறார்கள். 1840-களில் லண்டன் மருத்துவர் ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ், எலும்பு மஜ்ஜை நோயாளி ஒருவரின் சிறுநீரில் கண்ட புரதமே இவ்வகையில் முதலாவது. 1965இல் கனடாவில் கோல்ட், ஃப்ரீட்மன் ஆகியோர் சி.இ.ஏ. என்ற புரதத்தைக் குடல் புற்றுநோயில் கண்டறிந்தனர். பின்னர் கல்லீரலுக்கு ஏ.எஃப்.பி., சினைப்பைக்கு சி.ஏ.125, கணையத்திற்கு சி.ஏ.19-9, ஆண்களின் புரோஸ்டேட் சுரப்பிக்கு பி.எஸ்.ஏ. எனப் பட்டியல் நீண்டது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. இந்தப் புரதங்களில் பெரும்பாலானவை புற்றுநோய்க்கு மட்டும் சொந்தமானவை அல்ல. பி.எஸ்.ஏ. எல்லா ஆண்களுக்கும் உண்டு. வயதானவர்களுக்கு வரும் சாதாரணப் புரோஸ்டேட் வீக்கத்திலும் சிறுநீர்த் தொற்றிலும் அது கூடும். சி.இ.ஏ. புகைபிடிப்பவர்களுக்குக் கூடும். ஏ.எஃப்.பி. கர்ப்பிணிகளுக்குக் கூடும். சி.ஏ.125 மாதவிடாய் நாட்களிலும், கர்ப்பப்பை உட்சவ்வு நோயிலும், நம் நாட்டில் அடிக்கடி காணும் வயிற்றுக் காசநோயிலும்கூட மிக அதிகமாக ஏறும். காசநோய் மருந்தால் குணமாகக்கூடியது. அதைப் புற்றுநோய் என்று எண்ணிக் குடும்பமே கலங்கியிருக்கும்.

6.2 என்றால் கேன்சரா?

பல லேப்கள் பி.எஸ்.ஏ.வுக்கு 4 என்ற எல்லையை அச்சிடுகின்றன. 4-க்கும் 10-க்கும் இடையே இருப்பவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கே புற்றுநோய் இருக்க வாய்ப்பு என்பது அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் தரும் கணக்கு. மற்ற மூவருக்கு வேறு காரணம். 4-க்குக் கீழே இருப்பவர்களிலும் சிலருக்கு நோய் இருக்கலாம். ஆகவே அந்த எண்ணைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள முடியாது. சிறுநீரக மருத்துவரைப் பார்க்கவும், சோதனையை மீண்டும் செய்யவும், தேவைப்பட்டால் ஸ்கேன், பயாப்ஸி எடுக்கவும் அது ஒரு காரணம். அவ்வளவுதான்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எந்தத் தொந்தரவும் இல்லாத 1000 பேருக்கு ஒரு சோதனை செய்கிறோம். அவர்களில் 2 பேருக்கு மட்டும் நோய் இருக்கிறது. சோதனை அந்த இருவரையும் பிடித்துவிடுகிறது, நோயில்லாதவர்களில் நூற்றுக்கு 5 பேரைத் தவறாகக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 998 பேரில் சுமார் 50 பேர் வீணாகப் பயப்படுவார்கள். பயந்த 52 பேரில் உண்மை நோயாளி இருவர் மட்டுமே.

பிரிட்டனில் 2001 முதல் 2 லட்சத்துக்கும் அதிகமான பெண்களை வைத்து இதைப் பெரிய அளவில் ஆராய்ந்தார்கள். 2021இல் முடிவு வெளியானது. சி.ஏ.125 சோதனையை ஆண்டுதோறும் செய்ததால் சினைப்பைப் புற்றுநோய் மரணங்கள் குறையவில்லை. நோய் அறிகுறி இல்லாத எல்லாருக்கும் இந்தச் சோதனையை மருத்துவர்கள் பரிந்துரைக்காததற்கு இதுவே காரணம். பேக்கேஜில் இலவசமாகச் சேர்ந்து வருகிறது என்பதற்காக ஒரு சோதனை அவசியமாகிவிடாது.

அப்படியானால் இது எதற்கு?

சிகிச்சை பெறுபவர்களுக்கு இது பேருதவி. குடல் புற்றுநோய் அறுவைக்குப் பின் சி.இ.ஏ., தைராய்டு அகற்றிய பின் தைரோகுளோபுலின், புரோஸ்டேட் சிகிச்சைக்குப் பின் பி.எஸ்.ஏ. ஆகியவை தொடர்ந்து பார்க்கப்படுகின்றன. இறங்கிய எண் மறுபடி படிப்படியாக ஏறினால், ஸ்கேனில் தெரியும் முன்பே மருத்துவர் உஷாராகலாம். கல்லீரல் சுருக்க நோய் உள்ளவர்களுக்கு ஸ்கேனுடன் ஏ.எஃப்.பி.யும் பார்ப்பதுண்டு. ஆக, ஒரு நாளின் எண்ணை விட மாதங்களாக அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதே முக்கியம்.

அதற்கு இரண்டு நிபந்தனைகள். முதலாவது, இயன்றவரை ஒரே லேப். இந்தப் புரதத்தைப் பிடிக்க ஒவ்வொரு கம்பெனியின் கருவியும் வெவ்வேறு எதிர்ப்பொருளைப் பயன்படுத்துகிறது. அதனால் ஒரே இரத்தம் இரண்டு லேபில் இரண்டு எண் காட்டலாம். நாகர்கோவிலில் 3, திருவனந்தபுரத்தில் 4 என்றால் நோய் கூடிவிட்டது என்று அர்த்தமில்லை. இரண்டாவது, முடி வளர்ச்சிக்கு என்று வாங்கிச் சாப்பிடும் பயோட்டின் மாத்திரை சில சோதனைகளின் முடிவைக் கூட்டியோ குறைத்தோ காட்டிவிடும் என அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017இல் எச்சரித்தது. இரத்தம் கொடுக்கும் முன் இதைச் சொல்லிவிடுங்கள்.

கணினியில் நம் பெயர்

இங்கேதான் தகவல் தொழில்நுட்பம் வருகிறது. நம் ஊர் நோயாளி ஒருவரின் காகிதங்கள் தக்கலை அரசு மருத்துவமனையில் கொஞ்சம், ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரியில் கொஞ்சம், 1981இல் தொடங்கப்பட்ட திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தில் கொஞ்சம் என இரு மாநிலங்களில் சிதறிக் கிடக்கின்றன. ஒரே சோதனையை ஒவ்வொரு லேபும் ஒவ்வொரு பெயரில் எழுதும். இந்தக் குழப்பத்தைத் தீர்க்க, சோதனைகளுக்குப் பொதுக் குறியீட்டு எண் தரும் 'லாயின்க்' என்ற முறை 1994 முதல் உலகெங்கும் வளர்ந்து வருகிறது.

நமக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஞானி பீர்முஹம்மது அப்பா அடங்கியிருக்கும் ஊர் இது. அந்தப் பெயரைத் தாங்கியவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். முஹம்மது என்பதை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறோம்! ஆதாரில் ஒரு விதம், பாஸ்போர்ட்டில் ஒரு விதம், லேபில் எழுதுபவர் கேட்டபடி ஒரு விதம். ஒருவருடைய ரிப்போர்ட் இன்னொருவர் கோப்பில் சேர இதைவிட வேறென்ன வேண்டும்?

மத்திய அரசு 2021 செப்டம்பர் 27 அன்று நாடு முழுதும் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தில் 'ஆபா' என்ற 14 இலக்க எண் கிடைக்கும். பெயர் எப்படி எழுதப்பட்டாலும் எண் ஒன்றுதான். ஆவணங்கள் அந்தந்த மருத்துவமனையிலேயே இருக்கும். நம் சம்மதத்தின் பேரில் மட்டுமே பிறருக்குக் காட்டப்படும் என்பது திட்டத்தின் விதி. ஆனால் கணினியும் முழுப் பாதுகாப்பல்ல. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகளை இணையத் திருடர்கள் முடக்கியபோது பல நாட்கள் கையால் எழுதியே வேலை நடந்தது. ஆகவே காகித நகலையும் கைவிட வேண்டாம்.

வாயைத் திறந்து பாருங்கள்

நெய்யூர் மிஷன் மருத்துவமனை நமக்குப் பக்கம். அங்கே பணியாற்றிய மருத்துவர் ஓர், 1933இலேயே 'லான்செட்' இதழில் திருவிதாங்கூர் மக்களின் வெற்றிலை, புகையிலைப் பழக்கத்தையும் வாய்ப் புற்றுநோயையும் பற்றி எழுதினார். அந்த நோயைத் தொடக்கத்தில் கண்டறிய இன்றும் நம்பத்தக்க இரத்தச் சோதனை நடைமுறையில் இல்லை. ஒரு டார்ச் விளக்கும் பழகிய கண்ணும் போதும். தமிழக அரசு 2023 நவம்பரில் தொடங்கிய புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தின் முதல் நான்கு மாவட்டங்களில் கன்னியாகுமரியும் ஒன்று. வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்றையும் அதில் பார்க்கிறார்கள். விலை கூடிய பேக்கேஜை விட நம் வீட்டுப் பெண்களுக்கும் வெற்றிலை போடும் பெரியவர்களுக்கும் இதுவே பயன் தரும். வெட்கத்தால் தள்ளிப்போடாதீர்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை

- ஒரு நோட்டில் தேதி, லேபின் பெயர், சோதனையின் பெயர், எண், அலகு ஆகியவற்றை வரிசையாக எழுதுங்கள்.
- எல்லா இடத்திலும் ஆதாரில் உள்ள எழுத்திலேயே பெயரைக் கொடுங்கள். ரிப்போர்ட் வாங்கியதும் பெயர், வயது, தேதியைச் சரிபாருங்கள்.
- எண் கூடியிருந்தால் முதலில் மருத்துவர், பிறகு உறவினர்.
- எண் சரியாக இருந்தாலும் ஆறாத வாய்ப்புண், மார்பில் கட்டி, மலத்தில் இரத்தம் போன்ற அறிகுறி இருந்தால் மருத்துவரைப் பார்ப்பதைத் தவிர்க்காதீர்கள்.
- ரிப்போர்ட்டைக் குடும்பக் குழுவில் போடாதீர்கள்.

கடைசியாகச் சொன்னது சிறிய விஷயமல்ல. உம்மாவின் சி.ஏ.125 ரிப்போர்ட் பத்துப் பேர் கைக்குப் போனால், மகளின் கல்யாணப் பேச்சு வரை அது பேசப்படும். பிறகு அது காசநோய் என்று தெரிந்தாலும் பரவிய வார்த்தையைத் திரும்ப எடுக்க முடியாது. ஒருவருடைய நோய் விவரம் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

ரியாத்தில் இருக்கும் அந்த மகன் செய்திருக்க வேண்டியது ஒன்றுதான். வாப்பாவுக்குப் போன் செய்து, "பயப்படாதீங்க வாப்பா, நாளைக்கு டாக்டரைப் பாருங்க, பழைய ரிப்போர்ட்டையும் எடுத்துட்டுப் போங்க" என்று சொல்லியிருந்தால் போதும்.