நூறு கிலோ பாப்பாவுக்கு எத்தனை அம்மா!

முதுமலையின் தெப்பக்காடு யானைகள் முகாமுக்குப் போனவர்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். காலையும் மாலையும் பெரிய யானைகள் வரிசைகட்டி நிற்கும். ராகிக் களி, கொள்ளு, வெல்லம், தேங்காய் எல்லாம் சேர்த்துப் பிசைந்த கவளத்தைப் பாகன்கள் வாயில் ஊட்டுவார்கள். தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று நாம் வாய் பிளந்து பார்த்துவிட்டு, மாயாற்றுப் பாலத்தில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவோம். ஆனால் இந்த முகாமின் ஆகச் சிறந்த காட்சி நாம் கிளம்பிய பிறகுதான் நடக்கிறது. அது ராத்திரி ரெண்டு மணிக்கு, ஒரு பால் புட்டியோடு நடக்கிறது!

வாங்க, திரைக்குப் பின்னால் போகலாம். காட்டில் தாயைப் பிரிந்த யானைக்குட்டிகளை வளர்க்கும் இந்த வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆரம்பித்த நாளிலிருந்து, கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இன்று நீங்கள் கிடைத்தீர்கள்.

முதலில் பாப்பா அறிமுகம். தாயின் வயிற்றில் 20 மாதங்களுக்கு மேல் இருந்துவிட்டு, சுமார் 100 கிலோ எடையோடு பூமிக்கு வருகிறது. மூன்றடி உயரம். தலையெல்லாம் செம்பட்டை முடி. முகத்துக்கு முன்னால் தொங்கும் அந்த நீளமான சமாச்சாரத்தை என்ன செய்வதென்று அதற்கே தெரியாது! தும்பிக்கையைத் தானே மிதித்துக்கொள்ளும், ஆட்டிப் பார்க்கும், சுருட்டிப் பார்க்கும். பல நேரம் கைக்குழந்தை விரல் சூப்புவதுபோல அதை வாயில் விட்டுச் சூப்பிக்கொண்டு நிற்கும். தும்பிக்கையால் தண்ணீர் உறிஞ்சிக் குடிக்கப் பழகவே மாதங்கள் ஆகும். பால் குடிப்பது வாயால்தான். தாயின் முன்னங்கால்களுக்கு நடுவே இருக்கும் மடியைத் தேடி, தும்பிக்கையை மேலே தூக்கித் தாயின் உடம்பில் சாய்த்துக்கொண்டு குடிக்கும்.

அந்தச் சாய்மானத்தை நினைவில் வையுங்கள், பெரிய ரகசியம் அதில் இருக்கிறது. தாயில்லாத குட்டிக்குப் புட்டியை நீட்டினால் மட்டும் போதாது, தும்பிக்கை சாய ஒரு 'அம்மா' வேண்டும். கென்யாவில், நைரோபியில் உள்ள ஷெல்ட்ரிக் அறக்கட்டளையின் குட்டி யானைக் காப்பகத்தில் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கனமான கம்பளி ஒன்றைத் தொங்கவிடுவார்கள், அதற்குப் பின்னாலிருந்து புட்டி நீளும். குட்டி கம்பளிமேல் தும்பிக்கையைச் சாய்த்துக்கொள்ளும், கண் செருகும், மடமடவென்று பால் இறங்கும். கம்பளியே அம்மா!

இப்போது சமையற்கட்டுக்கு வாருங்கள். இங்கேதான் உயிரே இருக்கிறது. பசும்பால் கொடுத்தால் என்ன என்றுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். கொடுக்கக்கூடாது! யானைப் பாலின் கொழுப்பும் சர்க்கரையும் வேறு கணக்கு. பசும்பாலை யானைக்குட்டியின் வயிறு ஏற்காது, கழிச்சல் வந்துவிடும். சின்னக் குட்டிக்குக் கழிச்சல் என்றால் உயிருக்கே ஆபத்து, ஓரிரு நாளில் ஆளைச் சாய்த்துவிடும். அதனால் நம் ஊர் முகாம்களில் கைக்குழந்தைகளுக்குக் கொடுக்கும் லாக்டோஜன் மாதிரியான பால் பவுடரைக் கரைத்து, கால்நடை மருத்துவர் சொல்லும் அளவில், இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்கிறார்கள். பகலென்றும் இரவென்றும் கிடையாது. தண்ணீர் காய்ச்சணும், ஆறவைக்கணும், கட்டியில்லாமல் கரைக்கணும், சூடு பார்க்கணும், புட்டியைக் கொதிநீரில் கழுவணும். அதற்குள் அடுத்த வேளை வந்துவிடும்!

இந்த இடத்தில் பொள்ளாச்சிக்காரர்கள் தாராளமாகக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். யானைப் பாலுக்கு மாற்று தேடி வருடக்கணக்கில் போராடியவர் அந்த நைரோபி காப்பகத்தின் டாஃப்னே ஷெல்ட்ரிக். என்னென்னவோ கலந்து பார்த்துத் தோற்றார், குட்டிகள் அவர் கையிலேயே இறந்தன. கடைசியில் யானைப் பாலின் கொழுப்புக்கு நெருங்கி வந்தது எது தெரியுமா? பொள்ளாச்சித் தோப்புகளில் காய்க்கிறதே, அந்தத் தேங்காயின் எண்ணெய்! மனிதக் குழந்தைகளுக்கான பால் பவுடரில் தேங்காய்க் கொழுப்பு சேர்ந்த பிறகுதான் தாயில்லாக் குட்டிகள் பிழைக்க ஆரம்பித்தன.

இன்னொரு விசேஷப் பதார்த்தம் இருக்கிறது, முகம் சுளிக்காமல் கேளுங்கள். புல்லும் தழையும் செரிக்கத் தேவையான நுண்ணுயிர்கள் பிறக்கும்போது குட்டியின் குடலில் இருப்பதில்லை. அதனால் பெரிய யானைகளின் சாணத்தைக் குட்டி ஆசை ஆசையாக எடுத்துத் தின்னும். அதற்குள் அத்தனை மருந்தும் இருக்கிறது! தாய் தயிருக்கு உறை ஊற்றிக் கொடுத்த மாதிரி இந்த வேலை முடிந்துவிடுகிறது.

அடுத்தது படுக்கையறை. காட்டில் யானைக்குட்டி ஒரு நிமிடம்கூடத் தனியாக இருப்பதில்லை. அம்மா, பாட்டி, சித்தி, பெரியம்மா, அக்கா என்று பெண்கள் கூட்டம் சுற்றி நிற்கும். ஒருத்தி தள்ளிப் போனால் இன்னொருத்தி அணைத்துக்கொள்வாள். இப்படி வளர வேண்டிய உயிரை ஒற்றையாகக் கூண்டில் விட்டால் பால் இருந்தும் வாடிப்போகும். அதனால் பராமரிப்பவரும் கூடவே படுக்கிறார். குளிருக்குப் போர்வை, நடுராத்திரியில் புட்டி, விடிந்ததும் நடை, வெயில் ஏறியதும் குளியல், பிறகு மண்ணில் ஒரு புரளல். தூக்கத்தில் தும்பிக்கை நீண்டு பக்கத்தில் ஆள் இருக்கிறாரா என்று தொட்டுப் பார்க்கும். இருந்தால்தான் மறுபடி தூக்கம்!

இந்த வேலையை உலகமே உட்கார்ந்து பார்த்தது, நினைவிருக்கிறதா? முதுமலை தெப்பக்காட்டின் பொம்மன், பெள்ளி தம்பதி. காட்டுநாயக்கர் பழங்குடியைச் சேர்ந்தவர்கள். 2017-ல் கிருஷ்ணகிரி மாவட்டக் காட்டில் ஒரு குட்டி தாயை மின்சாரத்துக்குப் பறிகொடுத்து நின்றது. வாலை நாய்கள் கடித்துப் புண்ணாகியிருந்தது. பிழைக்குமா என்ற நிலையில் பொம்மன் கைக்கு வந்த அதுதான் ரகு. மகளைப் பறிகொடுத்த துக்கத்தில் இருந்த பெள்ளி அதற்கு அம்மா ஆனார். 2019-ல் நம் ஈரோடு மாவட்டத்துச் சத்தியமங்கலம் காட்டிலிருந்து ஒரு பெண் குட்டி வந்து சேர்ந்தது. இவர்களைப் பற்றிய ஆவணப்படத்தில் அவள் பெயர் அம்மு, முகாமில் பொம்மி. ஊட்டியில் வளர்ந்த கார்த்திகி கொன்சால்வஸ் இந்தக் குடும்பத்தோடு ஐந்து வருடம் பழகி எடுத்த 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' 2023 மார்ச்சில் ஆஸ்கார் வாங்கியது. அதே வருடம் பெள்ளிக்குத் தமிழ்நாட்டின் முதல் பெண் காவடி என்ற பணி நியமனமும் கிடைத்தது. காவடி என்றால் பாகனுக்கு உதவியாளர். வருடக்கணக்கில் செய்துகொண்டிருந்த வேலைக்குப் பதவிப் பெயர் வந்ததைப் படித்த அன்று நான் அடைந்த குதூகலம் கொஞ்சநஞ்சமல்ல!

ஆஸ்காரைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசு, தெப்பக்காட்டிலும் ஆனைமலையின் கோழிகமுத்தி முகாமிலும் இருக்கும் பாகன்களும் காவடிகளுமாக 91 பேருக்குத் தலா 1 லட்சம் ரூபாய் அறிவித்தது. எனக்கு மிகப் பிடித்த எண் இந்த 91தான். ஒரு குட்டி பிழைத்தால் அதற்குப் பின்னால் புல் அறுத்தவர், களி கிண்டியவர், மருந்து பார்த்தவர், குளிப்பாட்டியவர், காவல் இருந்தவர் என்று ஒரு பெரிய கூட்டமே நிற்கிறது.

அப்படிக் கூட்டமாக நிற்பதுதான் குட்டிக்கும் நல்லது. டாஃப்னே இதை மிகப் பெரிய விலை கொடுத்துக் கற்றார். ஆயிஷா என்ற குட்டி அவர் ஒருவரிடமே ஒட்டிக்கொண்டு வளர்ந்தது. மகள் கல்யாணத்துக்காக அவர் சில நாள் வெளியூர் போனார். ஆயிஷா சாப்பிடாமல் ஏங்கி இறந்துபோனது. அதற்குப் பிறகு அவருடைய காப்பகத்தில் ஆட்கள் முறை வைத்து மாறி மாறித்தான் குட்டியோடு தூங்குகிறார்கள். எல்லோருடைய வாசனையும் அதற்குத் தெரிய வேண்டும், யாரோ ஒருவர் இல்லாவிட்டாலும் உலகம் முடிந்துவிடக்கூடாது. நம் பெள்ளி வீட்டிலும் அதே நியாயம்தான். ரகு வளர்ந்ததும் வேறு பாகனிடம் போனான். பின்னாடியே பொம்மியும் போனாள். வளர்த்தவர்கள் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! ஆனாலும் கொடுத்தார்கள்.

எல்லாக் குட்டியும் பிழைப்பதில்லை. ஆஸ்கார் வாங்கிய அதே 2023 மார்ச் கடைசியில், தருமபுரி மாவட்டத்தில் கிணற்றில் விழுந்து மீட்கப்பட்ட ஒரு குட்டி, பொம்மனின் பராமரிப்பில் இருந்தபோதே கழிச்சலில் இறந்துபோனது. உலகப் புகழ் பெற்ற அதே கைகள், அதே பால்தான். இந்த வேலையின் கஷ்டம் எவ்வளவு என்று இதைவிட வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அதனால்தான் வனத்துறையின் முதல் முயற்சி முகாமுக்குக் கொண்டுபோவது அல்ல, அம்மாவிடம் கொண்டுபோவது. இந்தக் கதையை எத்தனை தடவை சொன்னாலும் எனக்குச் சலிக்காது. 2023 டிசம்பர் கடைசி. கோவை மாவட்டம் வால்பாறை, பன்னிமேடு எஸ்டேட். சில மாதக் குட்டி ஒன்று தாயைத் தேடித் தனியாக அலைந்தது. ஆனைமலை புலிகள் காப்பக ஊழியர்கள் டிரோனைப் பறக்கவிட்டுக் கூட்டம் எங்கே என்று தேடினார்கள். காட்டின் ஒவ்வொரு வளைவும் தெரிந்த காவலர்கள் தடம் பார்த்தார்கள். மனித வாசம் ஒட்டியிருந்தால் தாய் மிரளக்கூடும் என்று குட்டியைக் குளிப்பாட்டி, வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய்க் கூட்டத்துக்குப் பக்கத்தில் விட்டார்கள். சேர்ந்துவிட்டது! பிறகும் கண்காணித்தார்கள். அப்போது எடுத்த ஒரு படத்தில் காட்டுக்கு நடுவே தாயை ஒட்டிப் படுத்து அந்தக் குட்டி அசந்து தூங்குகிறது. அந்தப் படம் எத்தனை கைப்பேசிகளில் சுற்றியது என்பதற்கு அளவே இல்லை.

எப்போதும் அப்படி அமைவதில்லை. 2024 மே கடைசியில் மருதமலை அடிவாரத்தில் ஒரு பெண் யானை எழ முடியாமல் சாய்ந்துவிட்டது. குட்டி பக்கத்திலேயே நின்று தாயை எழுப்பப் பார்த்தது. கிரேன் வந்தது, பெல்ட் கட்டித் தாங்கி நிறுத்தினார்கள், நாள் கணக்கில் மருந்து ஏற்றினார்கள். தாய் தேறிக் காட்டுக்குள் நடந்தே போனது! இதற்கிடையில் குட்டி வேறு யானைகளோடு சேர்ந்தது, பிறகு பிரிந்து மறுபடி தனியாக வந்தது. தாயோடு சேர்க்க ஒன்றுக்குப் பல முறை முயன்றார்கள். நோயில் அடிபட்ட யானை, தனக்கே தெம்பில்லாதபோது குட்டியை ஒதுக்குவது காட்டில் உண்டு. இதுவும் குட்டியை ஏற்கவில்லை. கடைசியில் ஜூன் மாதம் குட்டி தெப்பக்காடு போனது. அம்மா, உறவுக்கூட்டம் என்ற இரண்டு கதவையும் தட்டிப் பார்த்த பிறகு திறக்கும் மூன்றாவது கதவுதான் முகாம்.

அந்த மூன்றாவது கதவுக்குள் போன குட்டி திரும்பவும் காட்டுக்குப் போக முடியுமா? இலங்கையில் முடிகிறது! உடவளவையில் 1995-ல் தொடங்கிய யானைகள் இடைத்தங்கல் முகாமில், அனாதைக் குட்டிகளுக்குக் குறித்த நேரத்தில் புனல் வழியாகப் பால் ஊற்றுகிறார்கள். மற்ற நேரம் மனிதர்கள் ஒதுங்கி நிற்க, குட்டிகள் தங்களுக்குள்ளேயே கூட்டமாக வளர்கின்றன. வளர்ந்ததும் கும்பலாகக் காட்டில் விடுகிறார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட குட்டிகள் இப்படிக் காடு திரும்பியிருக்கின்றன. நம் ஊரிலும் இப்படி ஒரு வழி பிறக்க வேண்டும் என்பது என் பேராசை. 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 3,063 காட்டு யானைகள் இருப்பதாகத் தெரியவந்தது. அவற்றில் நிறைய நம் மேற்குத் தொடர்ச்சி மலையோரத் தோட்டங்களை ஒட்டித்தான் நடக்கின்றன. குட்டிகள் பிரிவது இனியும் நடக்கும்.

அப்படி ஒரு குட்டி தடாகத்திலோ தொண்டாமுத்தூரிலோ வால்பாறையிலோ உங்கள் தோட்டத்துக்குள் வந்து நின்றால், இந்த அம்மாக்கள் வரிசையில் உங்களுக்கும் ஒரு வேலை உண்டு. தொடாதீர்கள். பசிக்குமே என்று பசும்பாலோ பழமோ கொடுக்காதீர்கள். சுற்றி நின்று படம் எடுக்காதீர்கள், கூச்சல் போடாதீர்கள், நாயைக் கட்டிவையுங்கள். தாய் நூறடி தள்ளிப் புதருக்குள் நீங்கள் விலகக் காத்துக்கொண்டிருக்கக்கூடும். வனத்துறைக்கு உடனே போன் போட்டுவிட்டு, அக்கம்பக்கத்தவரையும் கூட்டிக்கொண்டு நன்றாகத் தள்ளிப் போய்விடுங்கள். அந்தக் குட்டிக்காக நீங்கள் செய்யக்கூடிய ஆகப் பெரிய தாய்மை அதுதான்!